தலைவருக்குத் தண்டனை; தொண்டருக்கு என்ன கடமை?

பெங்களூரு ஓசூர் ரோட்டில் வேலைக்குப் போய் வரும் தமிழர்களுக்குப் பரப்பன அக்ரகாரம் புதிய இடம் அல்ல. அங்கேதான் மத்திய சிறை இருக்கிறது.

2014-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி, சனிக்கிழமை, நாடே அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தது. தமிழக முதல்-அமைச்சர் ஜெயலலிதாவுக்கு, சொத்துக் குவிப்பு வழக்கில் 4 ஆண்டு ஜெயில், ரூ.100 கோடி அபராதம் என்று தனிக்கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தமிழ்நாட்டு வழக்கு பெங்களூருக்கு வந்தது, 2003-ல் தி.மு.க. பொதுச்செயலாளர் க.அன்பழகன் கேட்டுக்கொண்டபடி சுப்ரீம் கோர்ட்டு மாற்றியதால்.

முன்பெல்லாம் அப்பீல் செய்தால் பதவி தப்பும். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழியை அடைத்துவிட்டது. எனவே தண்டனையோடு பதவியும் போயிற்று.

கண்ணீரில் பதவி ஏற்பு

இரண்டு நாள் கழித்து ஓ.பன்னீர்செல்வம் புதிய முதல்-அமைச்சர் ஆனார். அவரும் மந்திரிகளும் அழுதபடியே உறுதிமொழி எடுத்தார்கள். நாடு முழுவதும் டெலிவிஷனில் அதைப் பார்த்தது.

அழுதது குற்றமா? இல்லை. வளர்த்து ஆளாக்கியவர் சிறையில் இருக்கும்போது கண் கலங்காதவன் மனிதனா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த உறுதிமொழியில் என்ன இருக்கிறது? அச்சம் இல்லாமல், ஒரு பக்கம் சாயாமல், விருப்பு வெறுப்பை விலக்கி எல்லோருக்கும் நீதி செய்வேன் என்பதுதான். நெஞ்சு ஒருவருக்காக அழுகிறது. வாய் எல்லோருக்கும் பொது என்கிறது. கட்சி விசுவாசத்தின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

ஆபீசில் உடன் வேலை பார்த்தவர் பணம் கையாடிச் சிறைக்குப் போனால், நல்ல நண்பன் ஜெயிலுக்குப் போய்ப் பார்ப்பான். வக்கீல் வைக்க உதவுவான். அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுவான். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திருத்தித் தர மாட்டான்.

தர்மபுரியில் எரிந்த பஸ்

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? ஊருக்குப் போகும் பெங்களூருத் தமிழர்கள் பலர் கடந்து செல்லும் தர்மபுரியே அதற்குச் சாட்சி.

2000-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதி, கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை விதிக்கப்பட்டது. ஆத்திரம் கொண்ட கட்சிக்காரர்கள் தர்மபுரி அருகே ஒரு பஸ்சுக்குத் தீ வைத்தார்கள். அதில் இருந்தவர்கள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள். 3 பேர் கருகி மாண்டார்கள்.

அந்த ஓட்டல் வழக்கில் 2001-ல் ஐகோர்ட்டு ஜெயலலிதாவை விடுதலை செய்தது. தீயால் முடியாததை ஓர் அப்பீல் மனு முடித்தது. மாணவிகள் திரும்பி வரவில்லை. தீ வைத்த 3 பேருக்கு விதித்த தூக்கு, 2016-ல் ஆயுள் தண்டனை ஆயிற்று. 2018-ல் வெளியே வந்தார்கள். அவர்கள் தலைவருக்கு என்ன உதவி செய்தார்கள்?

மாறி வந்த தீர்ப்புகள்

சொத்துக் குவிப்பு வழக்கிலும் 2015 மே 11-ந்தேதி கர்நாடக ஐகோர்ட்டு விடுதலை அளித்தது. மே 23-ல் ஜெயலலிதா மீண்டும் முதல்-அமைச்சர் ஆனார். 2016 டிசம்பரில் காலமானார். 2017 பிப்ரவரி 14-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு விடுதலையை ரத்து செய்தது. இறந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு முடிந்தது. சசிகலா, இளவரசி, சுதாகரன் ஆகிய மூவரும் அதே பரப்பன அக்ரகாரச் சிறைக்குப் போனார்கள்.

கோர்ட்டில் தீர்ப்பு மாறலாம். மாற்றிக்கொள்ள வழியும் சட்டத்தில் இருக்கிறது. அந்த வழியில் தலைவரோடு கடைசிவரை நடப்பதுதான் விசுவாசம். வழிப்போக்கரின் உயிரும், மக்களின் கஜானாவும் அதற்குக் காணிக்கை அல்ல.