ஹைபிரிட் பிக்கப்: மூட்டைக் கணக்கே முக்கியம்

வண்டி வாங்குவதும் ஒரு கொள்முதலே. சாம்பிள் பாராமல் சரக்கு எடுக்காத நாம், விளம்பரத்தில் வரும் குதிரைத்திறனைப் பார்த்து மட்டும் முதல் போடலாகாது.

ஆஸ்திரேலியச் சந்தைக்கு 2024-இல் வந்த இரண்டு வண்டிகளை ஒப்பிடுவோம். டொயோட்டா ஹைலக்ஸ் 48 வோல்ட் வண்டியில் டீசல் என்ஜினே நான்கு சக்கரங்களையும் ஓட்டுகிறது; மின்மோட்டார் கைத்துணை மட்டுமே. சேற்றுக்கும் மேட்டுக்கும் வேண்டிய 'லோ' கியர் உண்டு. இழுவை 3500 கிலோ. பி.ஒய்.டி. ஷார்க்கில் பின்சக்கரங்களுக்கு மோட்டார் மட்டுமே. 'லோ' கியர் இல்லை. இழுவை 2500 கிலோ. ஆனால் இரவில் சார்ஜ் செய்து ஊருக்குள் ஓடுவோருக்குப் பெட்ரோல் செலவு மிச்சம்.

ஷார்க் தாங்கும் பாரம் 790 கிலோ. ஓட்டுநர், உதவியாள் இருவருக்கும் 140 கிலோ கழித்தால், 50 கிலோ மூட்டை 13 தான் ஏற்றலாம்.

அதன் பேட்டரிக்கு உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்கு மேலும் வைத்து ஓட்டுவோர், பேட்டரிச் செலவை இன்றே விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஆகவே, தார்ச்சாலையில் கடை கடையாகச் சரக்குப் போடுவோருக்கு ஷார்க் வகை ஏற்றது. மண்பாதையில் பாரத்தோடு ஏறி இறங்குவோருக்கு ஹைலக்ஸ் வகையே நல்லது. வண்டி நடுவழியில் நின்றால் சரக்கும் கெடும், வாடிக்கையும் கெடும்.