மேற்குமலை மனிதர்கள் – 9: ஓட்டு கீழே, கூலி மேலே

சென்ற வாரம் போடி ஏல மையத்தில் ஏலக்காய்க்கு விலை ஏறி இறங்குவதைப் பார்த்தோம். அந்தக் காயைப் பறிக்கிறவர்களின் கூலியை முடிவு செய்வது யார்? இந்த வாரம் அதுதான் பேச்சு.

போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் விடியுமுன்பே பெண்கள் தூக்குவாளியோடு ஜீப் ஏறுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம். பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து, செடியடியில் தரையோடு கிடக்கும் சரங்களில் முற்றிய காயாகப் பார்த்து எடுக்கிறார்கள். பொழுது சாய்ந்துதான் வீடு. தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இவர்களில் ஏராளம்.

இவர்களுக்கு ஓட்டு தேனி மாவட்டத்தில். கூலி முடிவாவதோ கேரளத்தில்; அரசும் தோட்ட முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் உட்காரும் தோட்டத் தொழிலாளர் குழுவில். அங்கே பேசுகிற கட்சிக்காரர்களுக்கு இவர்களுடைய ஓட்டு தேவையில்லை. இங்கே ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு இவர்களுடைய கூலி பக்கத்து மாநிலத்து விவகாரம். போடித் தொகுதி பெரிய பெயர்களைக் கண்டதுதான். 1989இல் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றம் போனது இங்கிருந்து. தமிழ்நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரும் ஆனார். 2011இல் இங்கே வென்ற ஓ. பன்னீர்செல்வம் பிறகு முதலமைச்சர் நாற்காலியிலும் அமர்ந்தார். ஜீப்பில் போகிற பெண்ணின் கூலிப் பேச்சு மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை.

மலைக்கு மேலே தமிழர் ஓட்டுக்கு எப்போதுமே மதிப்பு உண்டு. 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தமிழ்த் தொழிலாளர்களிடம் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா ஜெயித்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஜனங்களிடம் அவர்கள் மொழியில் பேச வேண்டும் என்பது கட்சிகளுக்கு அன்றே தெரிந்திருந்தது. அவர்களையே பேச விடுவது வேறு சங்கதி. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

2015 செப்டம்பர். மூணாறின் கண்ணன் தேவன் கம்பெனி அந்த ஆண்டு போனஸ் 10 சதவீதம்தான் என்றது. முந்தைய ஆண்டு 19. ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ் தலித்துகள், கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு வந்து மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டே அண்டவிடவில்லை. எங்களிடம் சந்தா வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு அனுசரணையாகப் பேசுகிறீர்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. சிவப்பு, மூவர்ணம் என்று எந்தச் சங்கத்துக்கும் விலக்கு இல்லை. சில நாட்களிலேயே 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் தேயிலைத் தொழிலாளியின் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. ஏலத் தோட்டத்துக்கு 330. அவர்கள் கேட்டது 500. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அந்த இயக்கத்தின் கோமதி தேவிகுளம் ஒன்றியத்துக்கு உறுப்பினரானார்.

அனுபவமுள்ள சங்கத் தலைவர்கள் பேசி வாங்கித் தராததை, மேடை ஏறிப் பழகாத பெண்கள் வாங்கினார்கள். அவர்களுக்குக் கணக்கு வேறு: அரிசி விலை, பிள்ளையின் படிப்பு, அட்டைக்கடி, இடுப்பு வலி. அதை அனுபவிக்கிறவர் பேசினால்தான் பேரத்தில் எங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது தெரியும்.

ஆனால் மூணாறுப் பெண்கள் லயத்திலேயே குடியிருப்பவர்கள், ஓட்டும் அங்கேயே. போடிப் பெண்களுக்கு அந்தப் பிடி இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பதற்றம் மூண்டபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் உயிருக்குப் பயந்து மலைப்பாதை வழியே இறங்கி ஓடிவந்தார்கள். 2020 ஊரடங்கில் எல்லை அடைபட்டது, வேலையும் போனது. இரண்டு முறையும் முடிவெடுத்த மேசைகளில் இவர்களுடைய ஆள் யாரும் இல்லை.

தோட்டத் தொழிலாளர் குழுவில் தினமும் எல்லை தாண்டி வருகிறவர்களுக்கென்று ஓர் இடம் வேண்டும். அதில் காய் எடுக்கிற பெண் உட்கார வேண்டும். தேனி, இடுக்கி ஆட்சியர்கள் கூடிப் பேசும்போது ஜீப் பயணமும் கூலியும் பொருளாக வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த இடங்களில் சிலவற்றுக்காவது கட்சிகள் மலைக்குப் போகிற பெண்களை நிறுத்தட்டும். பிரச்சாரத்துக்காக அவர்கள் இழக்கிற நாள்கூலியையும் கட்சியே கொடுக்கட்டும்.