முக்காலிக்கு எங்கே கிரீஸ் போடலாம், எங்கே போடக்கூடாது?

பேச்சுப் போட்டி, வாய்மொழித் தேர்வுப் பயிற்சி என எதைப் பதிவு செய்தாலும், கேமராவைத் தாங்கி நிற்பது டிரைபாட் என்று நாம் சொல்லும் முக்காலிதான். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. ஒருநாள் கால் இறுகிப்போய் நீள மறுக்கும். இல்லாவிட்டால் மாணவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மெல்ல இறங்கி, கேமராவோடு சாயும். உடனே யாராவது, "கொஞ்சம் எண்ணெய் விடுங்க சார், சரியாயிடும்" என்பார். எங்கே விடுவது என்பதுதான் கேள்வி.

திருகிப் பூட்டும் கால்களில் குழாய்க்குள் குழாய் இருக்கும். வெளிக்குழாயின் முனையில் புரி உண்டு. பேச்சில் மரை என்போம். அதன்மேல் ஒரு வளையம் திருகப்படும். வளையத்தை இறுக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கவ்வி உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும். பிடிப்பது உராய்வு. அந்த இடத்தில் எண்ணெய் பட்டால் பிடி போச்சு! கிரீஸ் வேண்டியது புரிக்கு மட்டும். குழாய் உலர்ந்தே இருக்கட்டும்.

ஒரு காலை முழுதாக முடித்த பிறகே அடுத்த காலைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் பாகங்கள் கலந்துவிடும். வளையத்தை முழுக்கத் தளர்த்தி உள்குழாயை உருவினால், அதன் தலைப்பில் இரண்டு அரைவட்டப் பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும். கழன்று விழும், பத்திரம். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, பாகங்களைப் பழைய நாளிதழில் வரிசையாக வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் போதும். புரியின் இடுக்கில்தான் மணலும் கருத்த பழைய கிரீஸும் தங்கியிருக்கும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஓர் இரவு உலர விடுவது நல்லது. பிறகு லித்தியம் கிரீஸ் அல்லது சிலிகான் கிரீஸை அரிசி மணி அளவுக்குப் புரியில் தடவி, வளையத்தை நாலைந்து முறை திருகி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.

பலர் கையில் எடுக்கும் டபிள்யூடி-40 இதற்கு ஏற்றதல்ல. அதன் பெயரே நீரை விலக்கும் 40ஆவது கலவை என்பதைத்தான் குறிக்கிறது. அது பழைய கிரீஸைக் கரைத்துவிடும். கிரீஸைப் போல் நெடுநாள் நிற்காது.

நெம்பிப் பூட்டும் வகைக்குக் கிரீஸே வேண்டாம். தளர்ந்திருந்தால் பக்கத்துத் திருகாணியைச் சிறிது முடுக்கினால் போதும். கால்கள் மேலே சேரும் மூட்டு லொடலொட என்று ஆடினாலும் அதே வைத்தியம்தான். பெரும்பாலும் ஆலன் சாவி தேவைப்படும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: உயவு வேறு, உராய்வு வேறு. உயவு உராய்வைக் குறைப்பது. செயல்முறையை விளக்கி எழுதும்போது 'கிரீஸ் தடவ வேண்டும்' என்பதோடு நிறுத்தாமல், ஏன் அங்கே மட்டும் என்பதையும் எழுதுங்கள்.

போர்ட் டிக்சன் கடற்கரைக்கு முக்காலியைக் கொண்டுபோனால், அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பு அலுமினியத்தை அரிக்கும். மணலில் நிறுத்தும்போது மட்டும் மெலிந்த கடைசிக் காலை முதலில் நீட்டுங்கள். பூட்டு மணலுக்கு மேலே நிற்கும்.