பூரணத்தின் பொருள்

போகித் திருநாளில் போளி செய்து இறைவனுக்குப் படைப்பது நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கம். போளியின் உள்ளே வைக்கும் இனிப்புக்குப் பூரணம் என்று பெயர். பூரணம் என்றால் நிறைவு. அப்பெயரின் பொருளைச் சிறிது சிந்திப்போம்.

முதலில் செய்முறை. கடலைப்பருப்பு 200 கிராம் எடுத்து, விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில் வேகவைத்து, நீரை முற்றும் வடித்தல் வேண்டும். அதனை அரைத்து, அதே அளவு வெல்லமும் சிறிது ஏலப்பொடியும் சேர்த்து, கையில் ஒட்டாது திரளும்வரை கிளறுக. மைதா மாவை மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும் இட்டுத் தளரப் பிசைந்து, இரண்டு மணி நேரம் ஊறவிடுக. ஊறாத மாவு தட்டத் தட்டச் சுருங்கும்; ஈரம் வற்றாத பூரணம் மேல்மாவைக் கிழித்து வெளிப்படும். ஆதலின் ஈரிடத்தும் பொறுமை வேண்டும். பூரணத்தை மாவினுள் பொதிந்து, வாழையிலையில் மெல்லத் தட்டி, கல்லிலிட்டு, நெய் விட்டு இருபுறமும் வேகவைத்து எடுத்தால் போளி ஆயிற்று.

இப்பண்டம் நமக்கு மட்டும் உரியதன்று. மராட்டியர் ஹோலிப் பண்டிகையில் பூரண் போளி என்றும், கன்னடர் யுகாதியில் ஒப்பட்டு, ஹோளிகே என்றும், தெலுங்கர் பொப்பட்டு என்றும் இதனைச் செய்வர். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலும் போளிகை என்னும் கோதுமைப் பண்டத்தைக் கூறுகிறது.

அதே நூற்றாண்டில், நம் செம்பரம்பாக்கத்தை அடுத்த குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளினார். அதில் வரும் இளையான்குடி மாறனார், வறுமையுற்ற காலத்தில், மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியவருக்கு, வயலில் விதைத்த நெல்முளையை வாரிக் கொணர்ந்து அமுது ஆக்குவித்தார். வந்தவரின் ஊரும் குலமும் அவர் வினவியதாகப் புராணம் கூறவில்லை.

இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரியப் பிற மாநிலத்தவர் பலர் வந்து, நம் தெருக்களிலேயே சிற்றறைகளில் தங்கியுள்ளனர். பண்டிகை நாளில் தாய் கையால் உண்ணும் பேறு அவர்க்கு இல்லை. நாமோ கதவை அடைத்துக்கொண்டு உண்கிறோம். இது மாறனார் வழிவந்தோர்க்குத் தகுமா?

நம் ஏரியைப் பாருங்கள். 24 அடி நிறைந்து நிற்கும் அந்நீர், சென்னை மாநகரில் நாம் அறியாத மக்களின் தாகத்தைத் தீர்க்கிறது. நிறைந்தது பிறர்க்குப் பாய்கிறது. வரும் போகியன்று, படைத்த போளியில் சிலவற்றை எடுத்துச் சென்று அடுத்த அறையின் கதவைத் தட்டுவோம். அவருள் சிலர்க்கு அது தாய்வீட்டுப் பண்டம், சிலர்க்குப் புதிது, யாவர்க்கும் இனிது. அப்போதுதான் நாம் படைத்த பூரணம் உண்மையில் பூரணமாகும்.

திருச்சிற்றம்பலம்.