திறக்காத பக்கமும் திரும்பிப் போகும் வாடிக்கையாளரும்

கடை வாசலில் ஒரு படி உடைந்தால் அன்றே மேசன் பாஸைக் கூப்பிடும் முதலாளிமார், தமது இணையத்தளத்தில் பத்துப் பக்கங்கள் திறக்காமல் கிடந்தாலும் அறியாமலே இருக்கின்றனர். வாடிக்கையாளர் விலைப்பட்டியலை அழுத்துகிறார். '404' என்று வருகிறது. கேட்ட பக்கம் இங்கே இல்லை என்று சேவர் சொல்லும் பதில் அது. அவர் முறைப்பாடு செய்வதில்லை, அடுத்த கடையின் தளத்துக்குப் போய்விடுகிறார்.

இது எமது நாட்டில் மட்டுமுள்ள நோயல்ல. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 வீதமானவை பத்தாண்டுகளின் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் அறிவித்தது.

நான் பார்த்தவரையில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்கங்களின் முகவரிகளும் மாறிவிடுகின்றன. ஆனால் கூகுளிலும் வாடிக்கையாளரின் வட்ஸ்அப்பிலும் நாம் அச்சடித்த கலண்டரிலும் இருப்பது பழைய முகவரி. இன்னொன்று, விண்டோஸ் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்ப்பதில்லை. தளங்கள் பலவும் இயங்கும் லினக்ஸ் சேவர் பார்க்கும். அதனால் கந்தோர்க் கம்பியூட்டரில் திறந்த விலைப்பட்டியல் இணையத்தில் திறப்பதில்லை. தளம் செய்யும் பிள்ளைகளில் சிலர் இதை இன்னும் கவனிப்பதில்லை!

கண்டுபிடிக்கச் செலவில்லை. கூகுள் சேர்ச் கொன்சோலில் உங்கள் தளத்தைப் பதிந்தால், கூகுள் தேடிப்போய்க் காணாத பக்கங்களைப் பட்டியலிட்டுத் தரும். ஸ்கிரீமிங் புரொக் என்ற மென்பொருள் 500 முகவரிகள் வரை இலவசமாகப் பரிசோதிக்கும்.

திருத்தும்போது தளத்துக்குள் இருக்கும் பிழையான இணைப்பை அதே இடத்தில் சரிசெய்யுங்கள். முகவரி மாறிய பக்கத்துக்கு '301' எனும் நிரந்தரத் திசைமாற்றம் போடச் சொல்லுங்கள். பழைய முகவரியால் வருபவர் தானாகவே புதிய பக்கத்துக்குப் போவார். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. சேலை தேடி வந்தவரை வாசலிலேயே நிறுத்துவது போன்றது. கூகுளும் அதை இல்லாத பக்கமாகவே கணிக்கக்கூடும்.

ரமழான் விசேட விலைக்கு வருடாவருடம் புதுப் பக்கம் செய்து, பெருநாள் முடிந்ததும் அழித்துவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. ஒரே முகவரியை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுங்கள். சென்ற வருடம் வட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பு இந்த வருடமும் வேலை செய்யும்.