பத்தாவது ஆள்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் முன்கட்டில் லேத், பின்கட்டில் குடும்பம் என்று ஓடும் பட்டறைகளை இன்றும் பார்க்கலாம். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்கள். ஆறு பேர், எட்டுப் பேர் வேலை செய்வார்கள். முதலாளியும் அவர்களில் ஒருவராக மெஷினில் நிற்பார்.

இப்படிப்பட்டவர்களுக்கு அரசு என்ன செய்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால், பதில் சொல்லி முடிக்கவே அரைமணி நேரம் ஆகும். 2015-ல் தொடங்கிய முத்ராவில் 10 லட்சமாக இருந்த கடன் உச்சவரம்பு, பழைய கடனை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 20 லட்சமாகியிருக்கிறது. சொத்து ஜாமீன் கேட்காமல் வங்கி கடன் தருவதற்காக 2000-ல் அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. தமிழக அரசின் பங்குக்கு நீட்ஸ், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், கலைஞர் கைவினைத் திட்டம் என்று வரிசை நீள்கிறது. கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். பெரிய கம்பெனிகள் சிறு நிறுவனங்களின் பில்லை 45 நாளுக்கு மேல் இழுத்தடித்தால், பணம் கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அரசின் கண்ணுக்குப் பட்டறை ஒரு கடன் கணக்காகத்தான் தெரிகிறது. கடன் வாங்கியவர் தவணை தவறுவதற்கு ஆர்டர் குறைவது மட்டுமா காரணம்? நெஞ்சுவலி என்று பத்து நாள் ஐ.சி.யு.வில் படுத்தால் போதும். இரும்பு வாங்க வைத்திருந்த பணமும் வீட்டு நகையும் அதோடு போய்விடும். மானியம் தந்த அரசுக்கு அந்தப் பத்து நாளைப் பற்றி என்ன திட்டம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு திட்டம் இருக்கிறது, அதுவும் நல்ல திட்டம். இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-ல் வந்தது. 1952-ல் கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். 2019 ஜூலையில் சந்தா குறைக்கப்பட்டு, தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம் என்றானது. 18,000 ரூபாய் வாங்கும் டர்னருக்குப் பிடித்தம் 135 ரூபாய். முதலாளி கட்டுவது 585. மொத்தம் 720 ரூபாயில் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் சிகிச்சை. இத்தனை லட்சம் வரைதான் என்ற உச்சவரம்பு கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு 70 சதவீதச் சம்பளமும் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மருந்து வாங்க நிற்கும் வரிசை, ரெஃபரல் கடிதத்துக்கான அலைச்சல் எல்லாம் உண்மைதான். ஆனாலும் இந்த விலைக்கு இவ்வளவு தருகிற தனியார் பாலிசி எங்கும் இல்லை.

சிக்கல் வாசலில் இருக்கிறது. பத்துப் பேர் இருந்தால்தான் சட்டம் கட்டாயமாகப் பொருந்தும். ஒருமுறை பொருந்திவிட்டால், ஆள் குறைந்து ஐந்து பேரானாலும் விடாது. விளைவு என்ன? ஒன்பது பேரோடு ஓடும் பட்டறைக்காரர் பத்தாவது ஆளை எடுக்க யோசிக்கிறார். எடுத்தாலும் பெயரைப் பேரேட்டில் ஏற்றாமல் விடத் தோன்றுகிறது. சம்பள உச்சவரம்பு இன்னொரு வேலி. 2017-ல் நிர்ணயித்த 21,000 ரூபாயைத் தாண்டினால், நடப்பு சந்தாக் காலம் முடிந்ததும் தொழிலாளி வெளியே. நன்றாக வேலை கற்றுச் சம்பளம் உயர்ந்தவர் காப்பீட்டை இழக்கிறார்.

சரி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்? 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இன்றைய பெயர் பெற்று, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். இங்கே தடுப்பது வருமானம்: 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான உச்சவரம்பு 2022-ல் 1,20,000 ஆனது. அதாவது மாதம் 10,000. மேலே சொன்ன 18,000 ரூபாய் டர்னர் நேர்மையாகக் கணக்குச் சொன்னால் இதிலும் சேர முடியாது. வி.ஏ.ஓ. அலுவலகங்களில் வருமானச் சான்றிதழ் எப்படி எழுதப்படுகிறது என்பது ஊரறிந்த கதை. சான்றிதழில் ஏழையாவதுதான் பலருக்கு இருக்கும் ஒரே வழி என்றால், குறை கோட்டைப் போட்டவர்களிடமும் இருக்கிறது.

இந்த இரண்டு திட்டங்களின் வேலிகளுக்கும் நடுவே நிற்பவர்கள் எத்தனை பேர்? நாட்டு மக்களில் 30 சதவீதம், சுமார் 40 கோடிப் பேர் எந்தக் காப்பீடும் இல்லாதவர்கள் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. சிறு கடைக்காரர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள், முறைசாராத் தொழிலாளர்கள் இதில் பெரும்பகுதி.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. முழுதாக நீங்கியது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் குரூப் பாலிசிகளுக்கு அந்த விலக்கு இல்லை. தன் ஆறு ஆள்களுக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுக்க நினைக்கும் பட்டறைக்காரர் 18 சதவீதம் கட்டியாக வேண்டும். சட்டக் கட்டாயம் இல்லாமல் அவராக விரும்பி எடுப்பதால், அந்த வரிக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடையாது. மனமிருக்கும் முதலாளிக்கு அபராதம்!

2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஒரு கதவைத் திறக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம். 18,000 ரூபாய் சம்பளத்தில் எட்டுப் பேர் என்றால் முதலாளிக்கு மாதச் செலவு 4,680 ரூபாய். மந்தமான மாதத்தில் அது கனக்கும். அங்கேதான் அரசு தோள் கொடுக்க வேண்டும், முன்னுதாரணமும் இருக்கிறது. கொரோனா காலத்தில் ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் யோஜனாவில், புதிதாகச் சேர்ந்தவர்களின் பி.எஃப். பங்கை மத்திய அரசே இரண்டாண்டு கட்டியது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய புதிய வேலைவாய்ப்புத் திட்டமும் ஓர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்குத் தருகிறது. இரண்டுமே பி.எஃப். வழியாக. பி.எஃப். கட்டாயமாவதோ இருபது பேருக்கு. எட்டுப் பேர் பட்டறை இதிலும் எட்ட நிற்கிறது. இந்த உதவியில் ஒரு பகுதியையாவது சிறு பட்டறைகளின் இ.எஸ்.ஐ. பங்குக்குத் திருப்பினால், பத்தாவது ஆளைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

அப்போதும் முதலாளி வெளியேதான் நிற்பார். தனி உரிமையாளர் ‘தொழிலாளி’ ஆக மாட்டார் என்பதால், எட்டுப் பேருக்கும் சந்தா கட்டுபவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. அவர் தனியார் பாலிசிதான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நான்கு ஆண்டிலிருந்து அதிகபட்சம் மூன்றாகக் குறைத்தது. ஆகவே விண்ணப்பத்தில் சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது. ஐம்பது வயதில் பாலிசி எடுப்பவருக்கு அந்த மூன்றாண்டுக்குள் இந்த நோய்களால் ஏதாவது வந்தால், கோவை அரசு மருத்துவமனையில் சீட்டு போட வேண்டியதுதான்.