பால்மரத்தடியில் ஒரு மூலிகைப் பயிர்

1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்பவர் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் பயிரான முதல் பால்மரங்கள் அவை. அன்றுமுதல் தோட்டத்தில் மரத்துக்குத்தான் மதிப்பு. மரத்தடி வெறும் களை மண்டும் இடம். ஆனால், அந்த நிழலைத் தேடி வளரும் மூலிகைகளும் உண்டு.

கச்சிப் பாத்திமா அப்படிப்பட்ட செடி. மழைக்காட்டுத் தரையில் முளைக்கும்; முழங்கால் உயரத்தை எட்டாது. பிரசவித்த மலாய்ப் பெண்கள் இதை வேரோடு கொதிக்கவைத்துக் குடிப்பது வழக்கம். அடர்காட்டின் தரைக்கு இறங்கும் வெளிச்சம் சொற்பம். அதைக்கொண்டே பிழைக்கப் பழகிய இலை, உச்சிவெயிலில் மஞ்சளித்துக் கருகிவிடும். இலைத்துண்டையோ தண்டையோ ஈர மணலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். பிறகு இலைமக்கு நிறைந்த, தண்ணீர் தேங்காத மண்ணில் நடலாம்.

பால்மரத்தடியில் நட்டால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வந்ததும் பால்மரம் இலையைக் கொட்டிவிடும். மறுபடி துளிர்க்கும்வரை செடிக்கு நிழல்வலையும் தண்ணீரும் தேவை. உதிர்ந்த சருகையே மூடாக்காகப் போட்டால் ஈரம் காயாது. அடுத்தது களைக்கொல்லி. பேராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. வேறு எந்த மருந்தானாலும், கஷாயமாகப் போகும் செடியின் பக்கம் அடிக்கக் கூடாது. களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

இன்னொரு மூலிகையான தொங்கட் அலியின் கணக்கு வேறு. அதன் வேர்தான் மருந்து. வேரைத் தோண்டினால் மரம் போயிற்று. விதை முளைப்பதும் மெதுவாகத்தான்; வேர் திரள்வதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். காட்டில் தோண்டுகிற வேகத்துக்குப் புதுக் கன்றுகள் ஈடுகொடுப்பதில்லை. அதனால்தான் பயிரிடுவது அவசியமாகிறது. இளங்கன்று நிழலைத் தாங்கும். வளர வளர வெளிச்சம் கேட்கும். ஆகவே நடு நிரையைவிடத் தோட்டத்து ஓரமே அதற்கு ஏற்றது.

2010-இல் அறிவித்த பொருளாதார உருமாற்றத் திட்டத்தில் அரசாங்கம் முன்னிறுத்திய ஐந்து மூலிகைகளில் இவை இரண்டும் உண்டு. மற்றவை பூனை மீசை, நிலவேம்பு, கீழாநெல்லி. பின்னிரண்டும் நம் வீட்டுக் கொல்லைக்குப் பழக்கமானவை. காட்டு நிழல் அவற்றுக்குத் தேவையில்லை.

இந்த மூலிகைகளை மாத்திரையாக்கியோ குப்பியில் அடைத்தோ விற்பதற்குச் சுகாதார அமைச்சின் பதிவு எண் வேண்டும். சிறுதோட்டக்காரர் காயவைத்த இலையையும் வேரையும் பதிவு பெற்ற தயாரிப்பாளரிடம் கொடுப்பதே சுலபம். அவர் எவ்வளவு எடுப்பார், எந்தத் தரத்தில் கேட்பார் என்பதைப் பேசி முடித்துவிட்டு நாற்றுப் போடுவது நல்லது.